டாட்நெட்காரர்களும் லினக்ஸுக்கு மாறலாம்

"டாட்நெட்டில் வேலை செய்கிறவர்கள் லினக்ஸ் பக்கமே போக முடியாது" என்று தஞ்சாவூர் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். டாட்நெட் என்பது புரோகிராம் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் தளம்; லினக்ஸ், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம். 2016 வரைக்கும் அது ஏறக்குறைய சரி. அந்த ஆண்டு ஜூனில் லினக்ஸிலும் ஓடும் டாட்நெட் கோர் 1.0 வந்த பிறகு கதையே வேறு. நான் மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடி உபுண்டு என்ற லினக்ஸில் ஏஎஸ்பி டாட்நெட் கோர் (இணையதளங்கள் எழுத உதவும் டாட்நெட் பகுதி) வேலைதான் பார்க்கிறேன். எழுதுவது விஎஸ் கோட் என்ற எடிட்டரில்.

விண்டோஸில் மட்டுமே ஓடும் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க், விண்டோஸ் திரைகள் அமைக்கும் வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் என்றால் அவர் சொல்வது சரி. கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்கு வின்ஃபார்ம்ஸில் பில்லிங் எழுதித் தருகிறவருக்கு விண்டோஸ் வேண்டும்தான். மைக்ரோசாஃப்டின் பெரிய புரோகிராம் எழுதும் கருவியான முழு விஷுவல் ஸ்டுடியோவும் லினக்ஸில் கிடையாது.

லினக்ஸுக்கு மாறுகிறவர்களின் காலை வாரிவிடுவது, யாரும் சொல்லாத ஒரு சின்ன விஷயம். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'C' இருக்க, புரோகிராமில் சின்ன எழுத்து 'c' அடித்திருந்தாலும் விண்டோஸ் திறந்து கொடுத்துவிடும். லினக்ஸோ அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கையை விரிக்கும். புரோகிராம் கடைசியில் ஓடப்போகும் சர்வர் லினக்ஸ் என்றால் இந்தத் தப்பு வீட்டிலேயே மாட்டுவது நல்லதுதான், அது வேறு விஷயம்.

அப்புறம், விண்டோஸை அழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டு உள்ளேயே உபுண்டுவை ஓட்டிப் பாருங்கள். புராஜெக்டை மட்டும் சி டிரைவில் வைக்காமல் உபுண்டுவின் ஹோம் ஃபோல்டரில் வையுங்கள், இல்லாவிட்டால் பில்ட் (எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) ஆமை வேகம்தான்.