சவூதியில் சொந்தத் திருமணத்துக்குத் தடை இல்லை

"சவூதியில் சொந்தத்தில் கல்யாணம் செய்யத் தடை வந்த பிறகுதான் அரிவாள் செல் சோகை குறைந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் அது.) அப்படி ஒரு தடையே அங்கே கிடையாது. 2004 முதல் கட்டாயமாக இருப்பது திருமணத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைதான். அரிவாள் செல், தலசீமியா (இதுவும் ஒரு பரம்பரை ரத்த நோய்) இரண்டுக்கும் பார்ப்பார்கள். சொந்தமோ அசலோ, எல்லா ஜோடிக்கும் உண்டு. இருவருமே இந்த நோய்க்கான மரபணுவை, தமக்கு நோய் இல்லாமலே, சுமப்பவர்கள் என்று தெரிந்தால் ஆலோசனை சொல்வார்கள். அதற்கு மேல் கட்டிக்கொள்வதும் விடுவதும் அவர்கள் பாடு.

பலன் இல்லாமல் இல்லை. இப்படி ஆபத்துள்ள ஜோடிகளில் தாங்களாகவே திருமணத்தைக் கைவிட்டவர்கள் 2004இல் 9.2 சதவீதம், 2009இல் 51.9 சதவீதம். பெரிய மாற்றம் இது, அதுவும் தடை போடாமலே. ஆனால் அரிவாள் செல் மரபணுவைச் சுமப்போர் விகிதம் அந்த ஆண்டுகளில் இறங்கவில்லை. குறைந்தது ஆபத்துள்ள திருமணங்கள்தான், மரபணு அல்ல என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

சொந்தத் திருமணம் இந்த மரபணுவை உண்டாக்குவதும் இல்லை. சவூதியில் இது அதிகமுள்ள கத்தீஃப், அல்-அஹ்சா, ஜிசான் எல்லாம் ஒரு காலத்தில் மலேரியா மண்டிக் கிடந்த பகுதிகள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்திருந்தால் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு, அதனால் அது அங்கே தங்கிவிட்டது. (நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் இது உண்டு.) உறவுக்குள் மணந்தால் சுமப்பவர் இருவர் சேரும் வாய்ப்பு கூடும், அவ்வளவே. அப்படிச் சேர்ந்துவிட்டால், உறவோ இல்லையோ, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர வாய்ப்பு 25 சதவீதம்.