கிலியன் ஜோர்னெட் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினாரா?

2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்பெயின் மலை ஓட்ட வீரர் கிலியன் ஜோர்னெட் ஸ்கி மலையேற்றத்தில் தங்கம் வென்றார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதைப் பலரும் பகிர்ந்தும்விட்டார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. சோச்சியில் அப்படி ஒரு போட்டியே நடக்கவில்லை.

பனிச்சறுக்குக் கட்டைகளோடு மலையேறி, பிறகு சறுக்கி இறங்கும் இந்த விளையாட்டை ஒலிம்பிக்கில் சேர்க்க 2021 ஜூலையில்தான் ஒப்புதல் கிடைத்தது, அதுவும் 2026 மிலான் கோர்டினா போட்டிக்காக. அதற்கு முன் 2020 லோசான் இளையோர் ஒலிம்பிக்கில் இருந்தது, ஆனால் 1987-ல் பிறந்த ஜோர்னெட்டுக்கு அதில் எப்படி இடம் கிடைக்கும்?

அவர் உலக சாம்பியன்ஷிப்பில் பலமுறை தங்கம் வாங்கியவர்தான், அதில் சந்தேகமே இல்லை. அந்த "உலக சாம்பியன்" யாரோ ஒருவர் கையில் "ஒலிம்பிக் சாம்பியன்" ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். (2019-ல் நார்வேயில் 24 மணி நேரத்தில் மொத்தம் 23,486 மீட்டர் ஏறிய மனிதருக்கு இல்லாத பதக்கத்தை நாம் ஏன் மாட்டிவிட வேண்டும்!)

நீங்களே பார்க்கலாம். ஒலிம்பிக்கின் அதிகாரப்பூர்வ தளத்தில் சோச்சி 2014 பக்கத்தைத் திறந்து விளையாட்டுகளின் பட்டியலைப் பாருங்கள்: ஆல்பைன், கிராஸ் கன்ட்ரி, பயத்லான், ஸ்கி ஜம்பிங் எல்லாம் இருக்கும், ஸ்கி மலையேற்றம் இருக்காது. அப்புறம் அதே தளத்தின் முடிவுகளில் அவர் பெயரையும் தேடிப் பாருங்கள். அவர் நிஜமாக வென்றவை சர்வதேச ஸ்கி மலையேற்றக் கூட்டமைப்பின் முடிவுகளில் இருக்கும்.