காயம்பட்ட போராளிக்குச் சிகிச்சை தந்தால் மருத்துவமனையைத் தாக்கலாமா?

"எதிரிப் படையினருக்குச் சிகிச்சை கொடுக்கும் மருத்துவமனையைத் தாக்கலாம், போர்ச் சட்டமே அனுமதிக்கிறது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், 19ஆம் பிரிவைப் பாருங்கள். காயம்பட்ட படைவீரர்கள் அங்கே படுத்திருப்பதோ, அவர்களிடமிருந்து வாங்கி வைத்த துப்பாக்கிகள் இன்னும் ஒப்படைக்கப்படாமல் கிடப்பதோ, மருத்துவமனையின் சட்டப் பாதுகாப்பைப் பறிக்கும் அளவுக்கு 'எதிரிக்குத் தீங்கு செய்யும் செயல்' ஆகாது. இதை அவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, பாதுகாப்பு போகவே போகாதா? போகும். மருத்துவமனைக்குள் இருந்துகொண்டு தாக்குதல் நடத்தினால் போகும். அப்போதும் முதலில் எச்சரிக்க வேண்டும், நியாயமான அவகாசம் தர வேண்டும். உள்ளே படுத்திருக்கும் நோயாளிகளின் உயிரையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியது. தலிபான்களுக்கும் அங்கே சிகிச்சை நடந்ததைச் சொல்லி அதை நியாயப்படுத்தாதீர்கள். அமெரிக்க ராணுவமே அப்படிச் சொல்லவில்லை. கட்டடத்தைத் தவறாக அடையாளம் கண்டதாக ஒப்புக்கொண்டு 16 பேர் மீது நடவடிக்கை எடுத்தது. இறந்தவர்கள் 42 பேர்: 24 நோயாளிகள், 14 ஊழியர்கள், நோயாளிகளுக்குத் துணையாக வந்த 4 பேர்.