அறுபதுக்கு என்ன அவசரம்?

(பெங்களூருவில் ஒரு கோல்ஃப் மைதானம். ஞாயிறு காலை. நாலாவது கிரீனுக்கு, அதாவது குழியும் கொடியும் இருக்கும் புல்பரப்புக்கு, மூன்று எட்டு நடை வெளியே பந்து கிடக்கிறது. இரவு பெய்த மழையில் புல் இன்னும் ஈரம். ஆடுகிறவர் சார். அவர் பையைத் தூக்கி, யோசனையும் சொல்கிறவர் கேடி.)

கேடி: ஏழு சார்.

சார்: ஏழா? இன்னும் மூணுதானே ஆச்சு! மரத்தடியில் வீசிப் பார்த்ததையும் சேர்த்துட்டீங்களா அண்ணா?

கேடி: ஸ்கோர் சொல்லலை சார். செவன் அயர்ன் மட்டையை எடுங்கன்னு சொன்னேன். ஸ்கோர் ஏழு ஆக இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு.

சார்: செவன் அயர்னில் நான் 140 யார்டு அடிப்பேன். கொடி அதோ, பதினஞ்சு எட்டில் நிற்குது. பந்து மதில் தாண்டிப் போய் யார் மண்டையிலாவது விழுந்தால்?

கேடி: முழுசா வீசினால்தானே 140? பந்தை உருட்டுற மட்டை இருக்கே, புட்டர், அதைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு ஒரு தட்டு. அவ்வளவுதான்.

சார்: வேண்டாம். அறுபதைக் கொடுங்க.

கேடி: அறுபதுக்கு என்ன சார் அவசரம்? வயசு இருக்கு. நேரம் வரும்போது திருக்கடையூரில் நிதானமா வெச்சுக்கலாம்.

சார்: அறுபது டிகிரி லாப் வெட்ஜ் அண்ணா! பந்தை உயரத் தூக்குற மட்டை. புதுசு.

கேடி: தெரியுது. பிடியில் பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கலை. அதோட, இன்னிக்குப் பை ஏன் இப்படித் தோளை இழுக்குதுன்னு எண்ணிப் பார்த்தேன். பதினஞ்சு கிளப், அதான் மட்டை, இருக்கு. விதிப்படி பதினாலுக்கு மேல ஆகாது.

சார்: இது என்ன, போட்டியா? நீங்க பாருங்க. பந்து மேலே போகும், கொடிக்குப் பக்கத்தில் இறங்கும், அப்படியே நிற்கும். வீடியோவில் அப்படித்தான் நின்றது.

கேடி: வீடியோவில் ஆடுறவர் பந்து நிற்கும் சார். அவருக்கு அதுதானே வேலை.

(சார் நீளமாகப் பின்னால் தூக்கி வீசுகிறார். பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே கிளப் மண்ணைத் தோண்டுகிறது. தோசை அளவுக்குப் புல் பெயர்ந்து வருகிறது. பந்து அரை எட்டு நகர்கிறது.)

சார்: தரை சரியில்லை.

கேடி: (துண்டின் ஈரப்பக்கத்தால் கிளப் முகத்துக் கோடுகளிலிருந்து மண்ணை வழித்தபடி) மழைத் தரை சார். இந்த கிளப்புக்கு அடிப்பக்கம் தட்டை, முனை கூர். மெத்து மண்ணைக் கண்டால் உள்ளே போகும். செவன் எடுங்க.

சார்: இருங்க, கேட்டுடறேன். (கிரீனுக்கு அப்பால் மணல் பள்ளத்தில் மூன்றாவது தடவையாக நிற்கும் தன் வைஸ் பிரசிடென்ட்டைப் பார்த்து) சார்! அறுபதா, ஐம்பத்தாறா?

(பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு கட்டை விரல் மட்டும் மேலே வருகிறது.)

சார்: அறுபதுதான்னு சொல்றார்.

கேடி: அறுபதை அவர் ஏற்கெனவே தாண்டிட்டார் சார். அவருக்கு என்ன கவலை?

(இந்த முறை பந்தின் வயிற்றில் படுகிறது. பந்து தரையோடு சீறி, கிரீனைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கம் வெளியே போகிறது. இருவரும் நடக்கிறார்கள். பையோடு நடப்பவர் ஒருவர்தான்.)

சார்: இன்னிக்கு கிரீன் ரொம்ப வேகம்.

கேடி: ராத்திரி மழைக்கு வேகம் குறைஞ்சுதான் இருக்கும் சார். எப்படி இருந்தாலும் உருட்டத்தான் சொல்றேன். அறுபதில் பந்து பத்து எட்டு பறக்கணும்னா பெரிய வீச்சு வேணும். வீச்சு பெரிசானால் தப்பும் பெரிசு. சின்னத் தட்டில் தப்பினாலும் பந்து கிரீனில்தான் நிற்கும்.

சார்: அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரஸன் 1932இல் சாண்ட் வெட்ஜ் வைத்துத்தான் பிரிட்டிஷ் ஓப்பனே ஜெயித்தார். தெரியுமா?

கேடி: மணலுக்குத்தானே சார் அது? பேரிலேயே இருக்கே. நாம நிற்கிறது புல்.

சார்: நம்ம ஊரில் கோல்ஃப் கிளப் 1876லேயே வந்துடுச்சு. அது தெரியுமா?

கேடி: தெரியும் சார். பையைத் தூக்க அன்னிக்கே ஒருத்தன் வந்திருப்பான்.

(எழுதுகிறவனுக்குக் கேடி பக்கம்தான் சாய்வு, மறைக்கவில்லை. பெங்களூரில் எந்த கோல்ஃப் கோர்ஸிலும் இந்த மாதிரி சாரைப் பார்க்கலாம். பையில் லட்ச ரூபாய் சாமான் இருக்கும். டிப்ஸ் என்றதும் சில்லறை இருக்காது. ஜிபே இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது என்று கேடி சொன்ன மறுகணம் நெட்வொர்க் போய்விடும். ஐம்பத்தைந்து வயது மனிதரை 'பாய்' (பையன்) என்று கூப்பிடுவார்கள். நம் சார் அண்ணா என்கிறாரே, அந்த மட்டில் நல்லவர். ஆட்டத்துக்கு வருவோம்.)

சார்: அறுபது.

கேடி: மறுபடியுமா? வாரம் ஒரு தடவை சஷ்டியப்தபூர்த்தி நடத்தினால் ஐயருக்கே கட்டுப்படியாகாது சார்.

(பந்து மீண்டும் கிரீனைக் கடந்து, கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. பின்னால் நாலு பேர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். சார் போனை எடுக்கிறார்.)

கேடி: என்ன சார்?

சார்: அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்க்கிறேன். மூணே நிமிஷம்.

கேடி: ஒரு அடிக்கு நாற்பது செகண்டுக்கு மேல எடுக்காதேன்னு இருக்கு. சரி, அது கிடக்கட்டும். சார், ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது.

சார்: சொல்லுங்க.

கேடி: போட்டி நாளில் கூட ஆடுகிறவரிடம் எந்த கிளப்புன்னு கேட்டால் ரெண்டு ஸ்ட்ரோக் தண்டனை. பத்தாவது விதி. உங்க அணியிலேயே ஆடுற பார்ட்னர் இருந்தால் அவரிடம் கேட்கலாம், கேடியிடம் எப்பவும் கேட்கலாம். இந்த மைதானத்தில் நீங்க சட்டப்படி வாய் திறந்து கேட்கக் கூடிய ஒரே ஆள் நான்தான். மணல் பள்ளத்தைக் கேட்டீங்க, போனைக் கேட்டீங்க. 2009இல் இந்தியன் ஓப்பன் ஜெயித்த முனியப்பா இதே பெங்களூரில் பை தூக்கினவர்தான். 1991இல் ஜெயித்த அலி ஷேர் டெல்லியில் தூக்கினவர். நாங்க சும்மா பின்னாலேயே நடந்து வரலை சார். பார்த்துக்கிட்டே வர்றோம்.

சார்: ...நீங்க ஆடுவீங்களா அண்ணா?

கேடி: திங்கட்கிழமை. உங்களுக்கு கோர்ஸ் மூடியிருக்கும், எங்களுக்குத் திறந்திருக்கும். என்கிட்ட ரெண்டே கிளப். ஒண்ணு புட்டர். இன்னொண்ணு என்னன்னு நான் சொல்லணுமா?

சார்: சரி, கணக்கைச் சொல்லுங்க.

கேடி: பந்தைச் சீக்கிரம் கிரீனில் இறக்கணும், மீதியை உருள விடணும். அவ்வளவுதான் கணக்கு. செவன் அயர்னில் ஒரு பங்கு பறந்தால் மூணு பங்கு உருளும். பிட்சிங் வெட்ஜில் ஒண்ணுக்கு ரெண்டு. சாண்ட் வெட்ஜில் பாதிக்குப் பாதி. இங்கே கிரீன் ஓரம் மூணு எட்டு. ஒரு எட்டு உள்ளே இறக்குங்க, நாலு ஆச்சு. கொடிக்கு இன்னும் பதினொண்ணு. என்ன கிளப்?

சார்: செவன்.

கேடி: புல் ஒட்ட வெட்டியிருந்தால் புட்டரே போதும்னு சொல்லியிருப்பேன். நடுவில் மணல் பள்ளம் இருந்து, கொடியும் பக்கத்தில் இருந்தால் அறுபதை நானே எடுத்துக் கொடுப்பேன். பந்து பின்கால் பக்கம். எடை முன்காலில். கை பந்துக்கு முன்னால். மணிக்கட்டை ஆட்டாதீங்க.

சார்: இது எத்தனையாவது ஸ்ட்ரோக்?

கேடி: ஏழு சார். இப்போ ரெண்டு கணக்கும் சரியா வந்துடுச்சு.

(ஒரு தட்டு. பந்து முழங்கால் உயரம்கூட எழவில்லை. கிரீனில் ஒரு எட்டு உள்ளே இறங்கி, உருண்டு, இடப்பக்கம் லேசாக வளைந்து, கொடிக்கு ஒரு முழத்தில் நிற்கிறது. பின்னால் நின்ற நாலு பேரும் கை தட்டுகிறார்கள். பாராட்டா, விடுதலையா தெரியவில்லை.)

சார்: அண்ணா! பார்த்தீங்களா? வீடியோவில் சொன்னாரே, மணிக்கட்டை ஆட்டாதேன்னு, அதை அப்படியே செய்தேன்!

கேடி: நல்லாச் சொல்லியிருக்கார் சார்.

சார்: கார்டில் ஐந்துன்னு போட்டுடலாமா? நடுவில் குறுக்கே போனதெல்லாம் பயிற்சிதானே?

கேடி: குழிக்குள்ள உருட்டுற புட் இன்னும் மிச்சம் இருக்கு சார். அதையும் பயிற்சின்னு சொல்லிட்டால் நாலு போட்டுக்கலாம்.

சார்: ஒண்ணு யோசிக்கிறேன். இது ஆறு வருஷப் பழைய செவன் அயர்ன். இதுவே இப்படி உருட்டுதுன்னா, புது மாடல் ஒண்ணு வாங்கினால் எப்படி இருக்கும்?

கேடி: வாங்குங்க சார். கூடவே அடியில் சக்கரம் வெச்ச தள்ளுவண்டியும் ஒண்ணு வாங்கிடுங்க. பதினாறாவதை அதுகிட்டக் கொடுத்துடலாம்.