வாசகராகவே இருந்துவிடச் சொன்னவருக்கும், சிரித்தவர்களுக்கும்

அந்த மதுரை இலக்கியக் கூட்டத்து வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன், நாலைந்து தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் ரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம். என்ன நடந்தது என்று மறுபடி விளக்கப் போவதில்லை. ஒரு தம்பி எழுந்து, நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது, உங்களுக்கு இப்படி நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று மேடையில் பேசப்பட்ட முக்கால்வாசி விஷயங்களைவிட நல்ல கேள்வி. மேடையில் இருந்த பெரியவர், பேர் பெற்ற நாவலாசிரியர், மைக்கைக் கிட்டே இழுத்து, "நீங்க வாசகராவே இருந்துடுங்க தம்பி, தமிழுக்கு அதுவே பெரிய தொண்டு" என்றார். அரங்கம் மொத்தமும் சிரித்தது. தம்பியும் சேர்ந்து சிரித்தார். வேறென்ன செய்வார், பாவம்.

பேரைப் போட்டு எழுதுங்கள் அக்கா என்று உள்பெட்டிக்கு வருகிறவர்களே, போட மாட்டேன். ஒருத்தர் மட்டும் சொல்கிற பேச்சாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் டீ விற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், இதே வசனம் வேறு வேறு குரல்களில் காதில் விழும். வாசகனைவிட எழுத்தாளன் அதிகமாகிவிட்டான், நாலு புத்தகம் படித்தவனெல்லாம் அஞ்சாவதை எழுத வந்துவிட்டான், இந்த ரகம். சொல்கிறவர் கையிலும் அவருடைய புத்தகம் ஒன்று இருக்கும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எனக்குக் கோபம் எதில் என்றால், வாசகராக இருப்பதைத் தண்டனை மாதிரிச் சொன்னார் பாருங்கள், அதில். எழுத லாயக்கில்லாதவர்கள் போய் உட்காரும் கடைசி பெஞ்சா வாசிப்பு? ஒரே வாக்கியத்தில் எழுத நினைக்கிறவனையும் அவமானப்படுத்தி, படிக்கிறவனையும் மட்டம் தட்டியாயிற்று. சிரித்தவர்களில் பெரும்பாலானவர்கள் வெறும் வாசகர்கள். தங்களைத்தான் சொல்கிறார் என்று தெரியாமலே சிரித்திருக்கிறார்கள்.

எங்கள் அத்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். விருதுநகரில் எங்கள் வீட்டு பரணில் இருந்த தகரப் பெட்டி நிறைய அவர் சேர்த்த தொடர்கதைகள்தான். வாரா வாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து காலிகோ அட்டை போட்டு வாங்கிவிடுவார். கதை நடுவில் பாதிப் பாதியாகத் தைல விளம்பரம் வரும், மறுபக்கத்தில் யாருடைய ஜோக்கோ தொங்கிக்கொண்டிருக்கும், அதையும் சேர்த்துத்தான் படிப்போம். அது போதாமல் வாடகை நூலகத்திலிருந்து மாத நாவல்கள் வேறு. இங்கே ஒரு கூட்டம் முகம் சுளிக்கும் என்று தெரியும். சுளிக்கட்டும். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய அந்த மாத நாவல்கள் இல்லையென்றால் இந்த ஊரில் பாதிப் பெண்கள் பள்ளிக்கூடப் பாடத்துக்கு அப்புறம் ஒரு வரி படித்திருக்க மாட்டார்கள்.

அத்தையிடம் ஒரு பழக்கம் இருந்தது. முடிவு பிடிக்காவிட்டால், கடைசிப் பக்கத்தில் மிச்சம் இருக்கும் வெள்ளைத் தாளில் பென்சிலால் தன் முடிவை எழுதிவிடுவார். கதாநாயகி புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று நாவல் முடிந்திருக்கும். அத்தையின் பென்சிலில் அவள் திருமங்கலத்தில் தையல் கடை வைத்திருப்பாள். வாடகைக் கடைக்காரர் ஒருநாள் கண்டுபிடித்து, இனிமேல் கிறுக்கினால் முழு விலையையும் வாங்கிவிடுவேன் என்று சத்தம் போட்டார். வீட்டிலும் அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அத்தை ரப்பரை வாங்கி உட்கார்ந்து அழித்தார். அந்த அத்தை யார், வாசகரா எழுத்தாளரா? மேடைக்காரர் எந்த வரிசையில் உட்கார வைப்பார்?

எனக்குப் படிப்புப் பழக்கம் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது, அப்புறம் கிளை நூலகம். பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தாளில் தேதி முத்திரைகளைப் பார்ப்பது எனக்கு அப்போதே ஒரு பைத்தியம். சில புத்தகத்தில் முத்திரை மேல் முத்திரையாகக் குத்தி இடமே இருக்காது. சிலதில் கடைசித் தேதி நான் பிறப்பதற்கு முன்னால் இருக்கும். அப்படிப்பட்டதைத்தான் முதலில் எடுப்பேன், யாருமே எடுக்கவில்லையே என்கிற பரிதாபத்தில். சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார், அதில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் உண்டு என்பது. அதை நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால்தான். தெரிந்துகொண்ட அன்று, நான் பரிதாபப்பட்டு எடுத்த புத்தகங்களெல்லாம் எனக்காகத்தான் காத்திருந்தன போலிருக்கிறது என்று ஒரு அல்பப் பெருமை வந்தது. அந்த ஐந்து விதிகளில் எதிலும் வாசகரை எழுத்தாளருக்குக் கீழே வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சரி, இப்போது கீழே வரப்போகும் கமெண்டுகளுக்கு வருவோம். "அவர் தமாஷுக்குச் சொன்னார், இதைப் போய்ப் பெரிசு பண்ணலாமா?" பண்ணலாம். மேடையில் இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து அடிக்கிற தமாஷுக்கு ஒரு எடை உண்டு. அதே தமாஷை அந்தத் தம்பி திருப்பி அடித்திருந்தால், "ஐயா நீங்களும் முதல் நாவலோடு நிறுத்தியிருக்கலாம்" என்று சொல்லியிருந்தால் அரங்கம் சிரித்திருக்குமா? மரியாதை தெரியாத பிள்ளை என்று இன்றைக்கு இந்த முகநூல் முழுக்க அவரைத்தான் கிழித்துக்கொண்டிருப்போம்.

"குப்பைகள் குவிகின்றன, யாராவது சொல்ல வேண்டாமா?" சொல்லுங்கள். புத்தகத்தைப் படித்துவிட்டு, இந்த அத்தியாயம் இதனால் குப்பை என்று சொல்லுங்கள். அதற்குப் பேர் விமர்சனம். எழுதி முடிக்காத, யாரும் ஒரு பக்கம்கூடப் பார்க்காத நாவலைப் பற்றிச் சொல்வதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. குப்பை எந்தக் காலத்தில் இல்லை? நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தழுவித் தழுவித் தமிழில் நாவலாகக் குவித்தார்கள், ஜனங்கள் விழுந்து விழுந்து படித்தார்கள், தமிழ் ஒன்றும் செத்துப்போகவில்லை. படித்தவர்களில் சிலர் அப்புறம் வேறு மாதிரி கதைகளையும் தேடிப் போயிருப்பார்கள். நானும் மாத நாவலிலிருந்து அப்படித்தான் போனேன்.

"முதலில் நூறு நல்ல நாவல்களைப் படிக்கட்டும்." இது எனக்கும் சம்மதம், படிக்காமல் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் எண்ணிக்கையை நிர்ணயிக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியபோது, படித்துப் பழகுவதற்குத் தமிழில் அவருக்கு முன்னால் ஒரு நாவல்கூட இல்லை. 1879இல் அவருடையதுதான் முதலில் அச்சானது. ராஜமய்யருடைய கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணி பத்திரிகையில் 1893இல் தொடராக வர ஆரம்பித்தபோது அவருக்கு இருபத்தொரு வயசு. இருபத்தாறில் இறந்தே போய்விட்டார். அந்த வத்தலக்குண்டுப் பையன் ஏதாவது கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டு, யாராவது மைக்கை இழுத்துப் பதில் சொல்லியிருந்தால்? எல்லோரும் ராஜமய்யரா என்று கேட்பீர்கள். இல்லைதான். யார் ராஜமய்யர் என்பது முதல் பாதியிலேயே தெரிந்துவிடுமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

எழுதுவதற்கென்று ஒரு ஜாதகம் இருப்பது போல நடந்துகொள்கிறார்கள். எங்கள் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் கடை வைத்திருந்த எழுத்தாளர் மேலாண்மை பொன்னுச்சாமி பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. 2008இல் சாகித்திய அகாதெமி விருது. அதே விருதை வாங்கிய தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர். அதை வாங்கிய இன்னொருவர் சோ. தர்மன், கோவில்பட்டியில் மில் தொழிலாளியாக இருந்தவர். இவர்கள் பேரைச் சொல்லி விழாக்களில் உருகுகிறவர்களும், நாவல் எழுதுகிறேன் என்று ஒரு மெடிக்கல் ரெப் தம்பி வந்து நின்றால் சிரிக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான். விருது வாங்கினவுடன் வத்தல் கடை காவியமாகிவிடுகிறது, வாங்குகிற வரைக்கும் அது வெறும் வத்தல் கடை.

நானும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், பலருக்குத் தெரியும். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மாதத்தில் 11ஆம் தேதிக்கு ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20ஆம் தேதிக்கு ஒரு ரிட்டர்ன், அந்த இரண்டு தேதிகளுக்கும் முந்தைய நாட்களில் நாவலாவது மண்ணாவது. மிச்ச நாட்களில் வீட்டு வேலை முடிந்து எல்லோரும் படுத்த பிறகு. கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை ஒருவரின் கதை. பேரேட்டையும் ஐந்தொகையையும் கையால் எழுதியே தலை நரைத்தவர், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இருபது வயசுப் பெண்ணிடம் போய் நிற்கிறார். அந்தப் பெண் பக்கத்து நியாயத்தையும் எழுத வேண்டும், அங்கேதான் எனக்கும் நிற்கிறது. நின்றால் என்ன செய்வேன் தெரியுமா? படிப்பேன். தி. ஜானகிராமன் கதைகளில் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஏதாவது ஒரு இடத்தை எடுத்துவைத்து, பேச்சை எங்கே விட்டு எங்கே பிடிக்கிறார் என்று பார்ப்பேன். பார்க்க ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷம் எதற்காக எடுத்தோம் என்பதே மறந்து கதைக்குள் போய்விடுவேன். அன்றைக்கு ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன், ஆனால் நல்ல ராத்திரி. அந்தத் தம்பிக்கு இதைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

"உங்களுக்கென்ன, பொம்பளை எழுதினா லைக் வந்துடும்" என்று போன பதிவில் ஒரு அண்ணன் எழுதினார். லைக் வருகிறது அண்ணே. முதல் மூன்று அத்தியாயத்தை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியபோது கதையைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், பக்கத்துக்கு இவ்வளவு, அட்டை வடிவமைப்புக்கு இவ்வளவு, வெளியீட்டு விழா வேண்டுமென்றால் தனி என்று ஒரு பட்டியல் மட்டும் வந்தது. படித்தார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் பிரச்சினை இல்லை மேடம்" என்றார்கள். எனக்கு அதுதான் பிரச்சினை. எழுத்தாளர் அதிகமாகிவிட்டார்கள் என்று மேடையில் வருத்தப்படுகிற யாரும் இந்தப் பட்டியலைப் பற்றி வாயே திறப்பதில்லை. காசு வாங்கி அச்சடிக்கிறவரைக் கேட்க முடியாது, அவர் அடுத்த கூட்டத்துக்கு மேடை போடுகிறவராக இருப்பார். எழுந்து நின்று கேள்வி கேட்கிற பையனைச் சொல்லலாம், செலவில்லை.

வாசகர் இல்லை, வாசகர் இல்லை என்று அழுகிறார்களே, அதையும் கேட்டுவிடுகிறேன். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது நம் மாகாணம், 1948இல். இன்றைக்கும் சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து நூலக வரி சேர்த்துத்தான் கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். வரி கட்டுகிற இத்தனை பேரில் எத்தனை பேர் தங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்துக்குள் போயிருக்கிறீர்கள்? அங்கே புதுப் புத்தகம் எப்போது வந்தது என்று எந்த மேடையில் யார் கேட்டிருக்கிறீர்கள்? அச்சடித்த புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று பெருமைப்படுகிறோம், ஆனால் காகிதத்துக்குக் கட்டிய வரியைப் பதிப்பகத்தால் கழித்துக்கொள்ள முடியாது, அது விலையில் ஏறி வாசகன் தலையில்தான் விழுகிறது. இதெல்லாம் பேச வேண்டிய விஷயம் இல்லையா? நான் எங்கேயோ போய்விட்டேன் என்று தெரிகிறது, கோபத்தில் எழுதினால் இப்படித்தான் போகும்.

கடைசியாக, பொறாமை என்று எழுதப் போகிறவர்களுக்கு. ஆமாம், பொறாமைதான். பெரியவருடைய இரண்டு நாவல்களை நான் காசு கொடுத்து வாங்கிப் படித்திருக்கிறேன், ஒன்றை அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறேன், அப்படி எழுதத் தெரிந்தவருக்கு இப்படிப் பேச எப்படி வாய் வந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அவருடைய வாசகியாகத்தான் கேட்கிறேன், அவருடைய கணக்குப்படி அதற்கு மட்டும்தான் எனக்குத் தகுதி.

இன்றைக்குத் தேதி 17. 20 முடிகிற வரை ஆபீஸில் தலை நிமிர முடியாது. திட்டுகிறவர்கள் எல்லோரும் அதற்குள் திட்டி முடித்துவிடுங்கள், 21ஆம் தேதி சாவகாசமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக ப்ளாக் பண்ணுகிறேன்.