பாஸ் மார்க் கம்மின்னா எக்ஸாம் ஈஸின்னு யாரு சொன்னது?

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர்ப் பக்கம் சர்டிஃபிகேஷன் எழுதப் போற பசங்க எடுத்த உடனே கேக்கறது "பாஸ் மார்க் எவ்ளோ?"தான். 750ன்னா பயம், 50 பர்சன்ட்னா அலட்சியம். ரெண்டுக்கும் அர்த்தமே இல்ல. சி.ஏ.வுல பேப்பருக்கு 40, குரூப் மொத்தத்துல 50 சதவீதம் எடுத்தா பாஸ். அதைப் போய் ஈஸின்னு ஒரு சி.ஏ. ஸ்டூடன்ட் கிட்ட சொல்லிப் பாருங்க!

பல எக்ஸாம்ல கட்-ஆஃப் போடறது ஆங்கோஃப் முறையில. அந்தத் தொழில்ல இருக்கற சிலரை உட்கார வச்சு, ஒவ்வொரு கேள்வியையும் காட்டி, "வேலைக்குத் தேவையான அளவு மட்டும் தெரிஞ்ச 100 பேர்ல எத்தனை பேர் இதைச் சரியா போடுவாங்க?"ன்னு கேப்பாங்க. ஒருத்தர் 80ம்பாரு, இன்னொருத்தர் 60ம்பாரு. சராசரி 70, அதாவது 0.7 மார்க். இப்படி எல்லாக் கேள்விக்கும் கூட்டினா கட்-ஆஃப். கேள்வி கஷ்டமானா அது தானா இறங்கிடும். சிக்கல் எங்கன்னா, பழம் தின்னு கொட்டை போட்டவங்களுக்கு எல்லாக் கேள்வியும் ஈஸியாத் தெரியும், கணிப்பு ஏறிடும். அதான் பேசி முடிச்சு இன்னொரு சுத்து மதிப்பிடச் சொல்றது.

செக்யூரிட்டி பிளஸ்ங்கற சைபர் செக்யூரிட்டி எக்ஸாம்ல பாஸ் மார்க் 750ன்னா 83 சதவீதம் இல்லீங்க. அந்த அளவுகோலே 100ல ஆரம்பிச்சு 900ல முடியுது, அதுவும் சதவீதக் கணக்கு கிடையாது. அமேசானோட கிளவுட் எக்ஸாமான ஏடபிள்யூஎஸ் அசோசியேட் ஆர்க்கிடெக்ட்டுக்கு பாஸ் மார்க் 720. 65 கேள்வியில 15க்கு மார்க்கே இல்ல, எந்தப் 15ன்னும் சொல்ல மாட்டாங்க. கஷ்டமான செட் வந்தவர் கொஞ்சம் கம்மியா சரியா போட்டாலும் அதே 720 வரும்.

நெகட்டிவ் மார்க் இருந்தா கதையே வேற. பங்குச் சந்தை வேலைக்கான என்ஐஎஸ்எம் ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ் எக்ஸாம்ல 100 கேள்வி, பாஸ் 60, தப்புக்கு கால் மார்க் போயிடும். நூறையும் எழுதினா 68 சரியா இருக்கணும்: 32 தப்புக்கு 8 போய் 60 நிக்கும். நாலு ஆப்ஷன்ல ஒண்ணை உறுதியா கழிச்சிட்டா, ஊகிக்கறதுல சராசரியா 0.17 மார்க் லாபம்; எதையும் கழிக்க முடியலன்னா 0.06தான். நெகட்டிவ் இல்லாத பேப்பர்ல ஒரு கேள்வியைக்கூட காலியா விடாதீங்க.

மாக் டெஸ்ட் விக்கறவங்க இந்த வேலை எதுவும் செய்யாம கட்-ஆஃப் 70ன்னு போட்டுடறாங்க. அதுல வர்ற 85ஐ நம்பி ஃபீஸ் கட்டாதீங்க. அதே மாக்கை ரெண்டாவது தடவை எழுதி எடுத்த மார்க்கை கணக்குலயே சேர்க்காதீங்க.