மலையை விட்டு இறங்கும் முன் பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

கேரளாவில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெறப்போகிறவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

முப்பது நாற்பது வருட நட்பு எதனால் முறிகிறது என்று கேட்டால் சண்டை, பொறாமை, துரோகம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தோட்டத்தில் அப்படி முறிந்த நட்பு குறைவு. பெரும்பாலும் வீட்டைக் காலி செய்ததால் முறிகிறது. லயம் என்பது தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். லயத்து வீடு வேலைக்குக் கொடுத்த வீடு. வேலை முடிந்து, வீட்டில் வேறு யாருக்கும் தோட்டத்தில் வேலை இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். ஒரே லயத்தில் இருந்த நான்கு குடும்பத்தில் ஒன்று சங்கரன்கோவில் பக்கம் போகும், ஒன்று கயத்தாறு போகும், ஒன்று போடியில் வாடகைக்கு இருக்கும், ஒன்று மகன் வேலை பார்க்கும் திருப்பூருக்குப் போய்விடும். அழுது, கட்டிப்பிடித்து, லாரியில் சாமான் ஏற்றி அனுப்புவார்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால், "எங்க இருக்காங்களோ தெரியல" என்பார்கள். பாசம் குறைந்து இப்படி ஆகவில்லை. ஏற்பாடு எதுவும் செய்து வைக்காததால் ஆகிறது.

இது சாதாரண அக்கம்பக்கப் பழக்கம் இல்லை. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்த வீட்டுக் குழந்தை ராத்திரி இருமினால் அந்த வீட்டில் விளக்கு எரியும். நிரையில், அதாவது தேயிலைச் செடி வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் நின்று கொழுந்து எடுத்தவர்கள். காய்ச்சலோடு வேலைக்கு வந்தவளின் சாக்கு எடை குறையும் என்று தெரிந்தால் தன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டவர்கள். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட தோட்டத்துப் பெண்கள், அந்த ஒற்றுமை ஒரே நாளில் வந்ததா? வருடக்கணக்காக நிரையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் லயத்து வாசலிலும் வளர்ந்தது அது. அப்படிப்பட்ட உறவு ஒரு சிம் கார்டோடு அறுந்துபோவதை நான் ஏற்க மாட்டேன்.

சிம் கார்டு என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. மலையில் இருந்தவரை ஒரு நம்பர் இருக்கும். ஊருக்கு வந்ததும் மகன் புது சிம் வாங்கிக் கொடுப்பான், பழையதை யாரும் ரீசார்ஜ் செய்ய மாட்டார்கள். பயன்பாடே இல்லாமல் 90 நாள் கிடந்தால் கம்பெனி இணைப்பைத் துண்டித்துவிடலாம். கொஞ்ச காலத்தில் அதே நம்பர் வேறு யாருக்கோ போய்விடும். மலையிலிருந்து கூப்பிடுகிறவளுக்கு யாரோ ஒருவன் எடுத்து "ராங் நம்பர்" என்பான். கதை முடிந்தது. அதனால் இறங்குவதற்கு முந்தின மாதமே ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: அவருடைய நம்பர், மகன் அல்லது மகளின் நம்பர், சொந்த ஊரில் இறங்க வேண்டிய பஸ் ஸ்டாப்போடு யார் வீடு என்று கேட்க வேண்டும் என்ற விவரம். மூன்றாவதுதான் முக்கியம். நம்பர் மாறும், ஊரில் "தேயிலைக்காரங்க வீடு" என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். போனில் மட்டும் பதிந்து வைப்பது போதாது. போன் தண்ணீரில் விழும்.

அடுத்தது பணம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஓய்வு பெறும்போது கையில் வரும் பெரிய தொகை கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. தினக்கூலிக்காரருக்குக் கணக்கு எளிது: கடைசி நாள் கூலியை 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். கூலி 450 ரூபாய், சர்வீஸ் 35 வருடம் என்று வைத்துக்கொண்டால் 2,36,250 ரூபாய். 30 நாளில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பீர்மேடு பக்கம் மூடிப்போன தோட்டங்களில் இந்தப் பணத்துக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இந்தத் தொகை வருகிறது என்று லயம் முழுக்கத் தெரியும். அதே மாதம் ஒரு தோழி வந்து, "மகள் கல்யாணத்துக்கு ஐம்பதாயிரம் குடு, மூணு மாசத்துல தந்துடறேன்" என்பாள். கேட்பவள் பொய் சொல்லவில்லை. ஆனால் நாள் கூலியில் மூன்று மாதத்தில் ஐம்பதாயிரம் மிச்சம் பிடிக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கொடுப்பவள் வாய் திறக்க மாட்டாள். மூன்று மாதம் ஆனதும் வாங்கினவள் போனை எடுக்கக் கூச்சப்படுவாள். கூச்சத்தைத் திமிர் என்று இவள் எடுத்துக்கொள்வாள்.

என் கருத்து இது. திரும்பி வராவிட்டாலும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச உங்களால் முடியும் என்கிற அளவுக்கு மட்டும் கொடுங்கள். அது ஐயாயிரமாக இருந்தாலும் சரி. பெரிய தொகை என்றால் பேங்க் கணக்கு வழியாகவே கொடுங்கள். 20,000 அல்லது அதற்கு மேல் கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமும் சொல்கிறது, பாஸ்புக்கில் தேதியும் நிற்கும். மாதம் இரண்டாயிரம் என்று நடக்கக்கூடிய தவணை போடுங்கள். புரோநோட்டு, அதாவது கடன் பத்திரம், எழுதினால் அதற்கு ஆயுள் மூன்று வருடம். அதற்குள் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் நோட்டின் பின்பக்கம் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். சிநேகிதியிடம் நோட்டு எழுதி வாங்குவதா என்று சங்கடப்படாதீர்கள். எழுதாத கடன் உங்கள் இரண்டு பேருக்குள் சண்டையைக் கொண்டு வராமல் போகலாம். ஒருவர் கண் மூடிய பிறகு பிள்ளைகளுக்குள் கொண்டு வரும்.

சீட்டிலும் ஒரு கண் வேண்டும். இருபது பேர், மாதம் ஆயிரம், இருபது மாதம் என்று லயத்தில் ஏலச்சீட்டு ஓடும். ஓய்வுக்குப் பத்து மாதம் இருக்கும்போது சேர்ந்து, நான்காம் மாதமே சீட்டை எடுத்து, வீட்டு வேலைக்குப் போட்டுவிட்டு ஊருக்கு இறங்கினால் மீதி மாதத் தவணைக்குச் சம்பளம் எங்கே? சீட்டு பிடித்த அக்கா கைப்பணத்தைப் போட்டு அடைப்பார், அல்லது ஊர் முன்னால் கெட்ட பேர் வாங்குவார். ஓய்வுத் தேதிக்கு முன் முடியாத சீட்டில் சேர வேண்டாம். சேர்ந்துவிட்டால் கடைசி வரை எடுக்காமல் இருங்கள்.

ஜாமீன் கையெழுத்து கேட்டால் மறுத்துவிடுங்கள். கடன் வாங்கினவரைக் கேட்டு அலுத்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்று நினைப்பது தவறு. முதலிலேயே உங்களிடம் வரச் சட்டத்தில் இடம் உண்டு. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கும் குழுக்கடன் அதைவிட மோசம். ஒருத்தி தவணை கட்டவில்லையென்றால் மற்றவர்களை எழுந்து போகவிடாமல் உட்கார வைப்பார்கள். அவள் வீட்டு வாசலில் போய் நின்று பணம் கேட்கும் வேலை தோழிகள் தலையில்தான் விழும். இருபது வருடம் ஒன்றாகக் கொழுந்து எடுத்தவர்கள் ஒரே வாரத்தில் பேச்சை நிறுத்திக்கொள்ள இதைவிட வேறு காரணம் வேண்டாம். நெருங்கிய சிநேகிதிகள் ஒரே குழுவில் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மொய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேனிப் பக்கத்தில் நோட்டுப் போட்டு எழுதுகிற வழக்கம் சொந்தத்துக்கு இருக்கட்டும். ஆயிரம் ரூபாய் பென்ஷன் வாங்குகிற ஒருவர் ஐநூறு மொய்க்குப் பயந்து கல்யாணத்துக்கு வராமல் போனால் நஷ்டம் இரண்டு பேருக்கும். "மொய் வேண்டாம், ஆள் வந்தா போதும்" என்று பத்திரிகை கொடுக்கும்போதே வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இனி காகிதம். மாநிலங்களைப் பிரித்தபோது, 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்தது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் நின்றன. அந்தக் கோடு இன்றைக்கும் ஓய்வு பெற்ற தொழிலாளியின் பையில் ஓடுகிறது. பி.எஃப். விவரமும் செக்ரோலும் (தோட்டத்து வருகை, கூலிப் பதிவேடு) அந்தப் பக்கம், ரேஷன் கார்டும் ஆதார் முகவரியும் இந்தப் பக்கம். செக்ரோலில் பாப்பாத்தி என்று இருக்கும், ஆதாரில் முருகேஸ்வரி என்று இருக்கும், பிறந்த தேதியும் ஒத்துப்போகாது. பி.எஃப். கணக்கில் இதைத் திருத்த வேண்டுமென்றால், தொழிலாளியும் தோட்டமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் தோட்டத்து ஆபீஸ் கையெழுத்து வேண்டும். சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு அதற்காக நாலு தடவை மலை ஏற முடியுமா? இன்னும் வேலையில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி ஆபீசில் போய், "அந்தப் பேப்பர் என்னாச்சு" என்று கேட்டால் நகரும். கூடுமானவரை இறங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

பென்ஷன் தொடர்ந்து வர வருடம் ஒரு முறை உயிர்வாழ்வுச் சான்று போட வேண்டும். பி.எஃப். பென்ஷனுக்கு எந்த மாதமும் போடலாம், போட்ட நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். வருடக்கணக்கில் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. பலரும் இரண்டு மூன்று தடவை திரும்பி வந்து, அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள், பென்ஷன் நின்றுவிடுகிறது. இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிப் பதியும் வழி இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, தலையை ஆட்டாமல் கண்ணைச் சிமிட்டினால் போதும். சிநேகிதிகள் இரண்டு பேரும் ஒரே மாதத்தை வைத்துக்கொள்ளுங்கள். "போட்டுட்டியா?" என்று கேட்க ஒரு போன். பேச வேறு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறவர்களுக்கும் வருடத்தில் ஒரு தடவை பேசக் காரணம் கிடைக்கும், அந்த ஒரு போனில் மற்றதெல்லாம் தானாக வரும்.

போய்ப் பார்ப்பது பற்றி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலை ஏறாதீர்கள்; மூணாறுக்குப் போகும் வழியிலுள்ள கேப் ரோட்டில் மண் சரிந்தால் நடுவழியில் நிற்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பனி உறையும், ஊர் வெயிலுக்குப் பழகிவிட்ட முதிய உடம்பு தாங்காது. பிப்ரவரி, மார்ச் நல்லது. கொழுந்து குறைவு, வேலையில் இருப்பவர்களுக்கு லீவு கேட்கவும் வசதி. போடியிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறுக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. மூட்டுவலிக்காரர்களும் பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களும் ஏன் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும்? போடியிலோ தேனியிலோ சந்திக்கலாம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எப்படியும் வரும். கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள் முதல் நாளே வந்து தங்கிப் பேசலாம். தேதியைப் புதிதாகக் கண்டுபிடிக்காதீர்கள். ஏற்கெனவே எல்லாரும் வருகிற ஒரு நாளில் ஒட்டிக்கொண்டால்தான் அது நடக்கும். போகும்போது சீலை, சட்டை என்று பெரிதாக வாங்கிப் போக வேண்டாம். அடுத்த தடவை அவர்கள் அதற்குச் சமமாகச் செய்ய வேண்டுமே என்று வருவதையே தள்ளிப்போடுவார்கள். அரைக் கிலோ சேவு போதும்.

வயதானால் காது மந்தமாகும். போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "சரி, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். பேரனிடம் சொல்லி வீடியோவில் கூப்பிடுங்கள். உதடு தெரிந்தால் பாதி புரியும். உங்கள் பேரைச் சொல்லியும் தெரியவில்லையென்றால் டிவிஷன் (தோட்டத்தில் நீங்கள் இருந்த பிரிவு) பேரைச் சொல்லுங்கள், நிரையில் பக்கத்தில் நின்றதைச் சொல்லுங்கள். பழைய நினைவு கடைசியாகத்தான் போகும்.

கடைசியாக, சாவுச் செய்தி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் போனபோது, கரண்டும் போனும் இல்லாமல் செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. அது பேரிடர். ஆனால் ஒன்றும் நடக்காத நாளிலும் தோட்டத்து நட்புக்குச் சாவுச் செய்தி சேர்வதில்லை. கயத்தாறில் அம்மா இறந்தால் மகன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்வான். மலையில் பக்கத்து வீட்டில் முப்பது வருடம் இருந்த அக்காவின் பேரே அவனுக்குத் தெரியாது. அவன் திருப்பூரில் வளர்ந்தவன். பதினாறு முடிந்து ஒரு மாதம் கழித்து யார் மூலமாகவோ தெரியவரும். இது அநியாயம். பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, "எனக்கு ஏதாவது ஆனால் இவர்களுக்குச் சொல்" என்று ஐந்து பேரின் பேரும் நம்பரும் எழுதி வையுங்கள். மகனிடம் காட்டியும் வையுங்கள். ஐந்து பேருக்குத் தெரிந்தால் மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது நம் வழக்கம். எடுக்கும் முன் போய்ச் சேர முடியாதென்றால் விட்டுவிடாதீர்கள், பதினாறுக்குள் ஒரு நாள் போங்கள். ஒரு ராத்திரியாவது தங்குங்கள். அவர்கள் அம்மா நிரையில் எப்படி வேலை பார்த்தாள், யாருக்குப் பிரசவம் பார்த்தாள், எந்தத் துண்டுக் காட்டில் கவாத்து வெட்டும்போது (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது) கையை வெட்டிக்கொண்டாள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. நீங்கள் இறந்தவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் இருந்தால் அன்றைக்கே மகனையோ மகளையோ தனியாகக் கூப்பிட்டுத் தொகையைச் சொல்லுங்கள். உங்களுக்கு வர வேண்டியது இருந்தால் பதினாறு முடியும் வரை அதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.